வெட்டி எடுத்த பின்னும் எதற்கு எச்.பி.வி. சோதனை?

கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தென்பட்டு, அந்தப் பகுதியை வெட்டி எடுத்த பிறகு, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ மீண்டும் வந்து எச்.பி.வி. சோதனை செய்துகொள்ளுமாறு மருத்துவர் சொல்லும்போது, பெரும்பாலான பெண்களுக்கு எழும் ஐயம் ஒன்றுதான்: கெட்டதை எடுத்தாயிற்றே, இனி எதற்குச் சோதனை? தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கருப்பை தொடர்பான எதையும் வாய்விட்டுப் பேசத் தயக்கம் உண்டு என்பதால், அந்த ஐயம் கேட்கப்படாமலே தங்கிவிடுகிறது. கேட்கப்படாத ஐயத்தோடு சோதனைத் தேதியும் கடந்துவிடுகிறது. இக்கட்டுரை அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறது. மருத்துவப் பின்னணி இல்லாதவர்களுக்காக எழுதப்படுவதால், அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

எச்.பி.வி. என்பது மனிதர்களின் தோலிலும் உள்தோலிலும் வாழும் ஒரு வைரஸ் குடும்பம். அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பெரும்பாலானவை தீங்கற்றவை, சில வெறும் மருக்களை உண்டாக்குபவை. ஏறத்தாழ 14 வகைகளை மட்டுமே மருத்துவர்கள் அபாய வகைகள் என்று தனியே பிரித்துச் சோதிக்கின்றனர். அவற்றுள்ளும் 16, 18 என்னும் இரண்டு வகைகளே உலகில் ஏற்படும் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். இந்தப் புற்றுநோய்க்கும் இந்த வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உடலுறவு வாழ்க்கையில் இருக்கும் ஆண் பெண் அனைவரிலும் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்த வைரஸைப் பெறுகின்றனர். பெற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் உடல், ஓரிரு ஆண்டுகளுக்குள் தன் நோயெதிர்ப்பு ஆற்றலாலேயே அதை அடக்கிவிடுகிறது. அடங்காமல் பல ஆண்டுகள் தங்கிவிடும் சிலரிடம்தான் சிக்கல் தொடங்குகிறது. வைரஸ் உருவாக்கும் ஈ6, ஈ7 என்னும் இரு புரதங்கள், செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுக்கும் நம் உடலின் இரண்டு காவல் புரதங்களை முடக்கிவிடுகின்றன. கருப்பை வாயின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல்களும் உள்வழியைப் போர்த்தியிருக்கும் செல்களும் சந்திக்கும் எல்லைப் பகுதி இதற்கு மிக எளிதில் ஆட்படும் இடமாகும். அங்கே செல்கள் உருமாறி, அடுக்குக் குலைந்து வளர்வதையே சி.ஐ.என். என்று அழைத்து, அதன் தீவிரத்தை 1, 2, 3 என்று தரம் பிரிக்கின்றனர். முதல் தரம் பெரும்பாலும் தானே மறைந்துவிடும் என்பதால் காத்திருந்து பார்ப்பார்கள். மூன்றாம் தரத்தை அப்படி விட்டுவைக்க மாட்டார்கள்.

விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பது, வருந்தத்தக்க வகையில், மருத்துவ உலகுக்குத் தெரிந்தே இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் 1960களிலும் 1970களிலும் சி.ஐ.என். 3 இருந்த பெண்கள் சிலருக்கு உரிய சிகிச்சை தரப்படாமல், வெறுமனே கண்காணிக்கப்பட்டனர். பின்னாளில் அது பெரும் கண்டனத்துக்கும் அரசு விசாரணைக்கும் உள்ளாயிற்று. அந்தப் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வின்படி, போதிய சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது. முறையான சிகிச்சை பெற்றவர்களிடம் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே சிகிச்சை பயனளிக்கிறது என்பதில் ஐயமில்லை. கண்காணிப்பைப் பற்றி இனி நான் சொல்லப்போவது எதுவும் அந்தச் சிகிச்சையைக் குறைத்து மதிப்பிடுவதற்காக அன்று.

வெட்டியது எதை, விட்டுப்போவது எதை?

தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் செய்யப்படும் சிகிச்சை, மருத்துவமனைகளில் லெட்ஸ் என்று சொல்லப்படுவது: மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தைக் கொண்டு, உருமாறிய பகுதியையும் அதைச் சூழ்ந்த எல்லைப் பகுதியையும் சேர்த்துச் சீவி எடுக்கின்றனர். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சில நிமிடங்களில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உறையவைத்தோ சுட்டோ அப்பகுதியை அழிக்கும் முறைகளும் உண்டு; ஆனால் அவற்றில் ஆய்வகத்துக்கு அனுப்பத் திசு எதுவும் கிடைக்காது. வெட்டி எடுத்த திசுவை நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து, அதன் ஓரங்களில் கெட்ட செல்கள் உள்ளனவா என்று குறிப்பார். ஓரம் சுத்தமாக இருந்தால் முழுவதும் எடுக்கப்பட்டது என்றும், ஓரத்தில் கெட்ட செல்கள் இருந்தால் உள்ளே மிச்சம் இருக்கலாம் என்றும் பொருள் கொள்வது இயல்பு. பல ஆண்டுகளாக மருத்துவர்களும் அவ்வாறே கொண்டனர்.

ஆனால் இந்த முடிவு இரு பக்கமும் ஏமாற்றக்கூடியது. ஓரத்தில் கெட்ட செல்கள் இருந்த பெண்களில் பலருக்கு, வெட்டிய இடம் சூட்டினால் கருகுவதாலும், ஆறும்போது எழும் நோயெதிர்ப்பு விளைவினாலும், மிச்சம் தானே ஒழிந்துவிடுகிறது. ஓரம் சுத்தமாக இருந்த சிலருக்கோ, வெட்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிறு மாற்றம் இருந்திருக்கலாம். அல்லது, மாற்றம் எதுவுமே இல்லாமல் வைரஸ் மட்டும் பக்கத்துச் செல்களில் தங்கியிருந்து, பிறகு புதிய மாற்றத்தைத் தொடங்கலாம். கரையான் அரித்த கதவில் கெட்ட பலகையை அறுத்து எடுத்துவிட்ட தச்சர், அறுத்த ஓரத்தில் மரம் நன்றாக இருக்கிறது என்று சொல்வது ஒன்று. நிலைச்சட்டத்துக்குள் கரையான் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது வேறொன்று. சிகிச்சைக்குப் பிந்தைய எச்.பி.வி. சோதனை இந்த இரண்டாவது வேலையைச் செய்கிறது. வெட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தது என்று அது கேட்பதில்லை. நோயைத் தூண்டிய காரணம் இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதாகும் என்பது என் எண்ணம்.

சோதனை செய்யும் முறை பாப் ஸ்மியர் எடுப்பதைப் போன்றதே. அதே கருவி, அதே மேசை, அதே சில நிமிடச் சங்கடம். கருப்பை வாயில் சிறு தூரிகையைச் சுழற்றி எடுத்து, திரவத்தில் இட்டு, ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். பாப் ஸ்மியரில் ஒரு மனிதர் நுண்ணோக்கியில் செல்களின் தோற்றத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். எச்.பி.வி. சோதனையிலோ இயந்திரம் வைரஸின் மரபணுத் துணுக்குகளைத் தேடி, இருக்கிறது, இல்லை என்று சொல்கிறது. காசநோய்க்காக 2011 முதல் தென்னாப்பிரிக்கா முழுவதும் நிறுவப்பட்ட ஜீன்எக்ஸ்பர்ட் கருவியைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். அதே கருவியில் வேறு உறையைச் செருகி எச்.பி.வி. சோதனையும் செய்யலாம், சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு வரும். 16ஆம் வகை தனியாகவும், 18உம் 45உம் ஒரு தொகுதியாகவும், ஏனையவை வேறு தொகுதிகளாகவும் அதில் பிரிந்து வரும். இந்தப் பிரிவினை பின்னால் ஏன் முக்கியமாகிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஆயிரம் பெண்களை எண்ணிப் பார்த்தால்

சோதனையின் தரத்தைச் சொற்களால் புகழ்வதைவிடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது மேல். சிகிச்சை பெற்ற 44,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து, லான்செட் ஆன்காலஜி இதழில் 2017இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, சி.ஐ.என். 2 அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றம் எஞ்சியிருப்பதோ திரும்ப வருவதோ சுமார் 6.6 விழுக்காட்டினருக்கு நேர்கிறது என்று கண்டது. அப்படி நோய் எஞ்சியவர்களுள் 91 விழுக்காட்டினரை எச்.பி.வி. சோதனை அடையாளம் கண்டது. வெட்டின் ஓரத்தை மட்டும் பார்த்தபோது 56 விழுக்காட்டினரே அகப்பட்டனர். நோய் இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொல்வதில் இரண்டும் ஏறத்தாழ 84 விழுக்காடு.

சிகிச்சை பெற்ற 1,000 பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுள் 66 பேருக்கு நோய் எஞ்சியிருக்கிறது, 934 பேருக்கு இல்லை. ஓரத்தைப் பார்த்து முடிவெடுத்தால் அந்த 66 பேரில் ஏறத்தாழ 37 பேரைக் கண்டுபிடிப்போம். மீதி 29 பேரை நலம் என்று அனுப்பிவிடுவோம். எச்.பி.வி. சோதனை செய்தால் 60 பேர் அகப்படுவார்கள். தவறவிடுவது 6 பேரை மட்டுமே. வேறு விதமாகச் சொன்னால், எச்.பி.வி. இல்லை என்று முடிவு வந்த பெண்களில் நோய் எஞ்சியிருப்போர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தப் பகுப்பாய்வு 0.8 விழுக்காடு என்கிறது. ஓரம் சுத்தம் என்று சொல்லப்பட்டவர்களிடையே அது 3.7 விழுக்காடு.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் பார்க்க மறந்து அஞ்சுகின்றனர். நோய் இல்லாத 934 பேரில் 84 விழுக்காட்டினருக்குத்தான் இல்லை என்று வருகிறது; எஞ்சிய சுமார் 149 பேருக்கு வைரஸ் இருப்பதாக முடிவு வரும். ஆக மொத்தம் இருக்கிறது என்று முடிவு பெறும் ஏறத்தாழ 209 பேரில், உண்மையில் நோய் எஞ்சியவர்கள் 60 பேர் மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே, சோதனை முடிவில் வைரஸ் இருக்கிறது என்று வந்தால், அது சிகிச்சை தோற்றுவிட்டது என்ற தீர்ப்பு அன்று. இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும் என்ற அழைப்பு. இல்லை என்ற முடிவு மிக வலிமையானது, இருக்கிறது என்ற முடிவு அவ்வளவு உறுதியானதன்று என்னும் இந்தச் சமனின்மையை, முடிவைக் கையில் கொடுக்கும் சிஸ்டரோ மருத்துவரோ இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொன்னால், எத்தனையோ பேர் உறக்கம் இழக்காமல் இருப்பார்கள்.

இந்த நாட்டுக்கும் இந்த ஆராய்ச்சியில் ஒரு பங்கு உண்டு. கேப் டவுனின் கயெலிட்ஷாவில், 35 முதல் 65 வயது வரையிலான 6,555 பெண்களிடையே பேராசிரியர் லினெட் டென்னியும் அவருடைய குழுவினரும் நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனை, எச்.பி.வி. இருப்பவர்களைக் கண்டறிந்து உடனே உறையவைக்கும் சிகிச்சை அளித்தால், ஆறு மாதத்தில் சி.ஐ.என். 2உம் அதற்கு மேற்பட்டதும் 0.8 விழுக்காட்டினரிடமே காணப்படுகின்றன என்றும், சிகிச்சையைத் தள்ளிவைத்தவர்களிடம் அது 3.55 விழுக்காடு என்றும் காட்டியது. ஏழை நாடுகளில் எச்.பி.வி. சோதனை நடைமுறைக்கு ஒத்துவராது என்ற எண்ணத்தை அசைத்த ஆய்வுகளுள் அதுவும் ஒன்று.

எப்போது, எத்தனை முறை?

வெட்டிய மறுவாரமே சோதிப்பதில் பயனில்லை. புண் ஆறும்போது அழற்சி இருக்கும்; சிதைந்த செல்களின் மிச்சத்தில் வைரஸின் மரபணுத் துணுக்கும் இருக்கும்; உடல் தன் வேலையை முடிக்க அவகாசம் வேண்டும். வைரஸ் மறைவது ஒரே நாளில் நிகழ்வதன்று, மாதங்கள் செல்லச் செல்ல வைரஸ் இருப்போரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். அதே வேளையில் அதிகம் தள்ளிப்போட்டால், உள்ளே மிச்சம் இருக்கும் சிலரை மேலும் வளரவிட்டவர்கள் ஆவோம். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. இங்கிலாந்தில் ஆறு மாதத்தில் சோதித்து, வைரஸ் இல்லை என்றால் மூன்று ஆண்டுகள் கழித்து வரச் சொல்கின்றனர். அமெரிக்க வழிகாட்டி ஆறு மாதத்தில் தொடங்கி, தொடர்ந்து மூன்று முறை ஆண்டுதோறும் இல்லை என்று வந்த பிறகே இடைவெளியை மூன்றாண்டாக்கி, குறைந்தது 25 ஆண்டுகள் தொடரச் சொல்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில், 12 மாதத்தில் எச்.பி.வி. மரபணுச் சோதனை செய்து, இல்லை என்றால் வழக்கமான பரிசோதனை இடைவெளிக்குத் திரும்பலாம் என்றது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு மட்டும், 12 மாதத்தில் ஒன்று, அதன்பின் மேலும் 12 மாதத்தில் ஒன்று என இரு முறை இல்லை என்று வந்தாக வேண்டும்.

இந்த வேறுபாடுகளைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. மூன்றுக்கும் பொதுவான செய்தி, முதல் சோதனை ஓராண்டுக்குள் நடக்க வேண்டும் என்பதும், அதன் பிறகும் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்பதும்தான். ஏன் இத்தனை ஆண்டுகள் என்று கேட்டால், ஸ்வீடன் நாட்டில் சி.ஐ.என். 3 கண்டறியப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வைச் சொல்லலாம். அவர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பொதுமக்களைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. சிகிச்சை முடிந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அதிகப்படி முற்றிலும் மறையவில்லை. இருந்தாலும், தனியொரு பெண்ணுக்கு அந்த வாய்ப்பு சிறியதே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கேதான் நம் நாட்டில் ஒரு குறிப்பான குழப்பம் உண்டாகிறது. அரசுக் கிளினிக்குகளில் 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்த திட்டத்தின்படி, பெண்கள் 30 வயதிலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறையாக மூன்று இலவச ஸ்மியர் பெறலாம். 2017ஆம் ஆண்டுக் கொள்கை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று இடைவெளியைக் குறைத்ததோடு, எச்.பி.வி. சோதனையைப் படிப்படியாகக் கொண்டுவரவும் வழி செய்தது. இந்தப் பத்தாண்டு இடைவெளி, எந்தக் குறையும் கண்டறியப்படாத பெண்களுக்கு உரியது. லெட்ஸ் செய்துகொண்ட பெண், சுவரொட்டியில் பத்தாண்டு என்று பார்த்துவிட்டுத் தானும் அப்படியே காத்திருப்பது பெரும் தவறு. கிளினிக்கில் புதிதாக வந்திருக்கும் சிஸ்டருக்கு உங்கள் பழைய சிகிச்சை தெரிந்திருக்காது. முதலில் நீங்களே சொல்லியாக வேண்டும். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீட்டின் மூலம் தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெற்று, வேலை மாறியதும் அரசு மருத்துவமனைக்கு வருபவர்களுக்கும், டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கும் இது இன்னும் பொருந்தும். ஓரிடத்துக் கோப்பு இன்னோர் இடத்துக்குத் தானாக வந்துசேரும் என்று நம்பி இருக்கக் கூடாது. எந்த ஆண்டு என்ன சிகிச்சை, ஆய்வக அறிக்கையில் எந்தத் தரம், ஓரம் எப்படி இருந்தது, எந்த எச்.பி.வி. வகை என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

எச்.ஐ.வி.யைப் பற்றித் தனியே இரண்டு வாக்கியம் சொல்லாமல் தென்னாப்பிரிக்காவில் இந்தக் கட்டுரையை முடிக்க இயலாது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகம்; நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும்போது எச்.பி.வி. அடங்காமல் நீடிப்பதும், சிகிச்சைக்குப் பின் மாற்றம் திரும்புவதும் அதிகம். எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.வி. மருந்தைத் தவறாமல் உட்கொள்வது இதிலும் உதவுகிறது. நம் சமூகத்தில் இந்த நோயைப் பற்றிய வெட்கம் எவ்வளவு ஆழமானது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த வெட்கத்தால் இரண்டாவது சோதனைக்கு வராமல் போவதே அதனால் நேரும் பெரிய கேடு.

வைரஸ் இருக்கிறது என்று வந்தால்

முடிவில் வைரஸ் இருந்தால் அடுத்த படி பொதுவாகக் கால்போஸ்கோபி. கருப்பை வாயை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தின் நீர்த்த கரைசலைத் தடவி, வெளுத்துப்போகும் இடத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பார்கள். லெட்ஸ் செய்தவர்களிடம் இதில் ஒரு தடை உண்டு. ஆறிய கருப்பை வாயில், முன்னர் வெளியே தெரிந்த எல்லைப் பகுதி உள்வழிக்குள் ஏறிவிடலாம். சிலருக்கு வாயே சுருங்கிவிடும். அப்போது கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது, உள்வழியிலிருந்தும் செல்களைச் சுரண்டி எடுப்பார்கள். சிகிச்சைக்குப் பின் மருத்துவரின் பார்வையை மட்டும் நம்பாமல், ஆய்வகச் சோதனைக்கு முதலிடம் தரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைரஸின் வகை இங்கே பயன்படுகிறது. சிகிச்சைக்கு முன் 16ஆம் வகை இருந்து, பின்னரும் அதே வகை நீடித்தால், மிச்சம் இருப்பதற்கான ஐயம் வலுவானது. மருத்துவர் விரைவாகச் செயல்படுவார். முன்பு 16 இருந்து, இப்போது வேறொரு வகை மட்டும் காணப்பட்டால், அது புதிய தொற்றாகவோ முன்பு அடங்கியிருந்ததன் மறுவெளிப்பாடாகவோ இருக்கலாம். உடனடி அபாயம் குறைவு. ஆனால், பல சோதனைகள் சில வகைகளை ஒன்றாகத் தொகுத்தே சொல்வதால், அதே வகைதானா என்று உறுதியாகத் தெரியாமல் போவதும் உண்டு. கால்போஸ்கோபியில் எதுவும் தென்படவில்லை என்றால், அடுத்த ஆண்டு மீண்டும் சோதிப்பதே வழக்கம். மறுபடியும் வெட்டுவதில் மருத்துவர்கள் அவசரப்படாததற்கு நல்ல காரணம் உண்டு. ஆழமாகவோ பலமுறையோ வெட்டப்பட்ட கருப்பை வாய், பின்னர் கருவுறும்போது குறைமாதப் பிறப்புக்கு இடம் தரலாம். இளம்பெண்களிடம் இந்த எடைபோடல் மிக முக்கியமானது.

வைரஸ் மீண்டும் தெரிந்ததும் வீட்டில் எழும் சந்தேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எச்.பி.வி. பல ஆண்டுகள் எந்த அடையாளமும் காட்டாமல் உடலில் அடங்கியிருந்து பிறகு வெளிப்படக்கூடியது என்பதால், இன்று வந்த முடிவைக் கொண்டு யார் எப்போது யாரிடமிருந்து பெற்றார் என்று எவராலும் சொல்ல முடியாது. கணவனையோ மனைவியையோ குற்றவாளி ஆக்க இந்தச் சோதனை சான்றாகாது. அதைச் சான்றாக்கிய வீடுகளில் அடுத்த சோதனைக்கு யாரும் போவதில்லை.

உள்வழியைப் போர்த்தியிருக்கும் சுரப்பிச் செல்களில் தோன்றும் மாற்றம் என்று அறிக்கையில் எழுதியிருந்தால், மேலே சொன்ன இடைவெளிகள் அப்படியே பொருந்தா. அந்த மாற்றம் உள்வழியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாவி இருக்கக்கூடும் என்பதால், வெட்டின் ஓரம் சுத்தமாக இருப்பது அதில் இன்னும் குறைவான உறுதியையே தருகிறது. கண்காணிப்பும் நெருக்கமாக இருக்கும்.

சில கேள்விகள் அடிக்கடி வருகின்றன. ‘அக்கா, கர்ப்பப்பையையே எடுத்தாயிற்று, இனி எனக்கு எதற்கு இதெல்லாம்?’ என்று கேட்பவர்கள் பலர். நார்த்திசுக் கட்டி போன்ற வேறு காரணத்துக்காகக் கருப்பையைக் கருப்பை வாயோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு, முன்பு தீவிர மாற்றம் எதுவும் இருந்ததில்லை என்றால், சோதனை தேவையில்லை. ஆனால் சி.ஐ.என். 2, 3 இருந்தவர்களுக்கு அதே வைரஸ் பெண்ணுறுப்பின் மேல்பகுதியிலும் மாற்றத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், தையல் போட்ட அந்த மேல்பகுதியிலிருந்து மாதிரி எடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஸ்வீடன் ஆய்விலும் பெண்ணுறுப்புப் புற்றுநோய் இப்பெண்களிடம் கூடுதலாகவே காணப்பட்டது.

பெண்கள் தாமே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக்கொள்ளும் முறை பொதுவான பரிசோதனைக்கு மிகவும் ஏற்றது. வெட்கப்பட்டு வராமலே இருப்பவர்களை அது வரவழைக்கும். சிகிச்சை பெற்றவர்களுக்கு மட்டும், கருப்பை வாயிலிருந்தே நேரடியாக எடுத்த மாதிரியை மருத்துவர்கள் பெரும்பாலும் விரும்புகின்றனர். தடுப்பூசியைப் பொறுத்தவரை, தென்னாப்பிரிக்கா 2014இல் அரசுப் பள்ளிகளில் நான்காம் வகுப்புச் சிறுமிகளுக்கு அதை அளிக்கத் தொடங்கியது. ஏற்கெனவே உள்ள தொற்றைத் தடுப்பூசி ஒழிக்காது. சிகிச்சையை ஒட்டிப் போட்டுக்கொண்டால் மாற்றம் திரும்புவது குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. உறுதியான சான்று இன்னும் போதவில்லை. ஆகவே அது சோதனைக்கு மாற்றாகாது. புகைபிடிப்பது வைரஸ் நீடிக்க உதவுகிறது என்பது மட்டும் தெளிவானது. புகைப்பவர்கள் இதைக் காரணமாக வைத்தேனும் நிறுத்தலாம்.

எச்.பி.வி. சோதனை இரண்டு தேதிகளுக்கு இடையில் உங்களைக் காக்கும் காவல் அன்று. உடலுறவுக்குப் பின் ரத்தம் கசிந்தாலோ, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் கண்டாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் நீடித்தாலோ, சென்ற சோதனையில் இல்லை என்று வந்ததே என்று அமைதி கொண்டு அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. அப்போது வேண்டியது இன்னொரு எச்.பி.வி. சோதனை அன்று, மருத்துவர் கருப்பை வாயை நேரில் பார்த்து, தேவையானால் அங்கேயே திசுத் துணுக்கை எடுக்கும் பரிசோதனை.